மணி அடித்தால் யார் எழுந்திருப்பது?

சுந்தரபாண்டியத்தில் தறி இருக்கிற வீடுகளில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். சில வீடுகளில் அதற்கும் முன்பே இன்னொரு வேலை சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கும். நனைந்த பாயைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, அக்கம்பக்கத்தார் கண்ணில் படாத சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, போர்வையை அலசிப் போட்டு, ஏழெட்டு வயதுப் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஒன்றும் நடக்காத மாதிரி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைப்பார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் தெரு முழுக்கக் கேட்டு மருந்து தேடுகிறவர்கள், இதை மட்டும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

அதனால்தான், டீக்கடை பெஞ்சில் ஒரு தகப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டபோது அதை நான் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டேன்.

“அண்ணே, பையன் படுக்கையில ஒண்ணுக்குப் போறான். எட்டு வயசாச்சு. இதுக்குன்னு ஒரு அலாரம் இருக்காமே, ஜட்டியில மாட்டிவிட்டா நனைஞ்ச உடனே கத்துமாம். வாங்கிரலாமா?”

“வாங்கலாம் தம்பி. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அது கத்துனா உங்க வீட்டுல யாரு எந்திரிப்பா?”

“பையன்தானே எந்திரிக்கணும்?”

முதல் சில வாரங்களுக்குப் பையன் எழுந்திருக்க மாட்டான். மணி அடித்தால் அப்பா எழுந்திருப்பார், அம்மா எழுந்திருப்பார், அப்பத்தா எழுந்திருப்பார், தொட்டிலில் கிடக்கும் குழந்தைகூட எழுந்து அழும். யாருக்காக மணி அடிக்கிறதோ அவன் மட்டும் அசையாமல் தூங்குவான். “மெஷின் வேலை செய்யல” என்று மூன்றாம் நாளே கழற்றிப் போடுகிற வீடுகள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. அந்தக் கருவி பெரியவர் ஒருவரை எழுப்ப வேண்டும், அவர் பிள்ளையை எழுப்ப வேண்டும், இரவு தவறாமல் இரண்டு மூன்று மாதம் இது நடக்க வேண்டும். அதற்கு ஆள் இருந்தால் வாங்குங்கள். ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டால், இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

முதலில், இது எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுப் பிள்ளைகள் 100 பேரை எடுத்தால் சுமார் 15 பேர் படுக்கையை நனைப்பவர்கள். ஏழு வயதில் அது 5 முதல் 10 பேராகக் குறையும். அதற்குப் பிறகும் இருப்பவர்களில், எந்த வைத்தியமும் செய்யாமலேயே, ஆண்டுக்கு 100க்கு 15 பேர் போலத் தானாகச் சரியாகிவிடுகிறார்கள். பெரியவர்களானபின்னும் சுமார் நூற்றில் ஒருவருக்கு இது தொடர்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் ஷோபா ஸ்ரீநாத்தும் அவருடன் பணிபுரிந்தவர்களும் நகரத்திலும் குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலுமாக 16 வயது வரையுள்ள 2,064 குழந்தைகளை ஆராய்ந்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அதிகம் தென்பட்ட பிரச்சினைகளின் வரிசையில் படுக்கை நனைத்தலும் இருந்தது. உங்கள் பிள்ளையின் வகுப்பில் 40 பேர் இருந்தால் அவனைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்தது, இது குடும்பத்தில் வருகிற விஷயம். அப்பா அம்மா இருவரில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர 100க்கு 44 வாய்ப்பு. இருவருக்கும் இருந்திருந்தால் 77. இந்தக் கணக்கைச் சொன்னபோது அந்தத் தம்பி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் உங்களில் யாருக்காவது அப்படி இருந்திருந்தால், பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய், “எனக்கும் உன் வயசுல இருந்துச்சுடா, அப்புறம் சரியாப் போச்சு” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு எந்த மாத்திரையும் ஈடில்லை. தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குத் தன் அப்பாவே துணைக்கு வந்துவிடுகிறார்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? மூன்று விஷயங்கள் சேர்ந்தோ தனித்தனியாகவோ நடக்கின்றன. இரவில் நம் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, வாசோபிரெசின் என்கிற ஹார்மோனைப் பகலைவிட அதிகமாக விடும். அது கிட்னியிடம் ‘நீரைக் குறைத்து அனுப்பு’ என்று சொல்கிற ஹார்மோன். அதனால்தான் பெரியவர்கள் ஏழு மணி நேரம் எழாமல் தூங்க முடிகிறது. சில பிள்ளைகளுக்கு இந்த இரவு ஏற்றம் போதுமான அளவு வருவதில்லை என்பதை டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகர ஆய்வாளர்கள் 1980களில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பகலில் சுரக்கிற மாதிரியே இரவிலும் சிறுநீர் சுரக்கும். வேறு சில பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப்பை, வயதுக்குத் தக்க அளவு பிடித்துவைப்பதில்லை. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்குங்கள். எட்டு வயதுக்கு 270 மில்லி. லீவு நாளில் அளவு போட்ட பிளாஸ்டிக் மக்கில் பிள்ளையை இரண்டு மூன்று தரம் போகச் சொல்லி அளந்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. பை நிரம்பிவிட்டது என்கிற சேதி மூளைக்குப் போகிறது, ஆனால் தூங்குகிற மூளை அதை எழுந்திருக்கச் சொல்லும் சேதியாக எடுத்துக்கொள்வதில்லை. “கும்பகர்ணன் மாதிரி தூங்குறான், தூக்கிட்டுப் போனாக்கூடத் தெரியாது” என்று அம்மாக்கள் சொல்வது மெய்தான். தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பக்கத்தில் தறி ஓடுகிறபோது மத்தியானம் கண்ணயர்கிற தாய், அந்தச் சத்தத்துக்கு எழமாட்டார். தொட்டிலில் குழந்தை லேசாக முனகினால் எழுந்துவிடுவார். எந்தச் சத்தம் தனக்கானது என்று அவர் மூளை பழகியிருக்கிறது. பிள்ளையின் மூளை, தன் சிறுநீர்ப்பையின் சேதியை இன்னும் அப்படிப் பழகிக்கொள்ளவில்லை. அலாரம் வந்து கற்றுக்கொடுப்பது அந்தப் பழக்கத்தைத்தான்.

இவ்வளவையும் கேட்டபின், பிள்ளை வேண்டுமென்றே செய்கிறான், சோம்பேறித்தனத்தால் செய்கிறான் என்று யாரும் சொல்ல முடியாது. தூக்கத்தில் நடப்பதற்கு அவன் பொறுப்பில்லை. ஆனாலும் அடி விழுகிறது. தம்பி தங்கை முன்னால், விருந்தாளி முன்னால் சொல்லிக் காட்டுகிறார்கள். ‘சூடு போட்டாத்தான் சரியாகும்’ என்று மிரட்டுகிறார்கள். நம் பக்கத்து வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பீகாரின் மோதிஹாரியில் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், எட்டு வயதில் இங்கிலாந்தில் ஒரு தங்கும் பள்ளியில் சேர்க்கப்பட்டார். நான்கு வருடத்துக்கு முன்பே விட்டுப்போன பழக்கம், பள்ளிக்கு வந்த ஓரிரு வாரங்களில் திரும்ப வந்தது. ஒவ்வொரு இரவும் கடவுளிடம் வேண்டிக்கொண்டு படுத்தார், ஆனாலும் நனைந்தது, அடித்தார்கள். தன் கையில் இல்லாத ஒன்றைச் செய்துவிட்டுக் குற்றவாளியாக நிற்க முடியும் என்று அந்த வயதில் நம்பியதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, அவர் இறந்தபின் 1952இல்தான் வெளிவந்தது. நாற்பது வயதைத் தாண்டிய, உலகம் அறிந்த ஒரு எழுத்தாளருக்கு அந்தக் காயம் ஆறவில்லை. இன்று நம் விடுதிகளில், விடியும் முன் எழுந்து போர்வையை ஒளித்துவைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடித்துத் திட்டாமல் ஒரு மாற்றுப் போர்வை கொடுக்கிற வார்டன் கிடைத்தால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிய பாக்கியம்.

ஆர்வெல் கதையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து விடாமல் நனைப்பது ஒரு வகை. ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்து மறுபடி தொடங்குவது வேறு வகை. இரண்டாவதைப் பார்த்தால் அலாரத்தைத் தேடாதீர்கள், டாக்டரைத் தேடுங்கள். வீட்டில் சண்டை, பள்ளியில் யாராவது மிரட்டுவது, யாராவது தகாத முறையில் தொடுவது, சிறுநீர்த் தொற்று என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தீராத தாகம், உடம்பு இளைப்பு, நனைந்த துணியில் எறும்பு மொய்ப்பது, இவை தெரிந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்த்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய் நாள் கணக்கில் ஆபத்தாகிவிடும். அதே போல, பகலிலும் டவுசர் நனைவது, ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், முக்கி முக்கிப் போவது, சொட்டுச் சொட்டாக வருவது, நடையில் வித்தியாசம், இரவில் பலத்த குறட்டை, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரிதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைப் பார்த்து, சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். மேற்கொண்டு தேவைப்பட்டால் 2022இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மதுரை இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்கேனே தேவைப்படாது.

டாக்டர் கேட்கிற ஒரு கேள்வி பெற்றோருக்கு வியப்பாக இருக்கும்: “தினமும் வெளிக்குப் போறானா?” மலக்குடல், சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அதில் மலம் கட்டிக்கிடந்தால் முன்னால் இருக்கிற பையை அழுத்திச் சுருக்கும். மலச்சிக்கலைச் சரிசெய்ததிலேயே படுக்கை நனைவது நின்றுபோன பிள்ளைகள் உண்டு. வாழைப்பழம், கொய்யா, கீரை, தண்ணீர், தேவைப்பட்டால் டாக்டர் எழுதும் மருந்து. இதைச் செய்யாமல் அலாரத்துக்குப் பணம் செலவழிப்பது வீண்.

தண்ணீர்க் கதையும் இப்படித்தான். பள்ளிக் கழிப்பறை சரியில்லை என்று நம் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை, ஒண்ணுக்கும் போவதில்லை. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து செம்பு செம்பாகக் குடிக்கிறார்கள். அது பத்து மணிக்குப் படுக்கையில் வருகிறது. 2019இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். அது நல்ல ஏற்பாடு. பகலில் ஐந்தாறு தரம் ஒண்ணுக்குப் போகிற அளவுக்குத் தண்ணீரைக் காலையிலும் மத்தியானத்திலும் கொடுத்துவிட்டு, சாயங்காலம் குறையுங்கள். தாகத்தோடு படுக்கப்போடுகிற அளவுக்குக் குறைக்க வேண்டாம். சாயங்காலம் பிள்ளைக்கும் அரை கிளாஸ் டீ ஊற்றிக் கொடுக்கிற வழக்கத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். டீயும் காபியும் கோலாவும் சிறுநீர்ப்பையைச் சீண்டும். படுக்கும் முன் ஒரு தரம் கண்டிப்பாகப் போக வேண்டும். கழிப்பறை கொல்லையில் இருக்கிற வீடுகளில் இருட்டுக்கும் நாய்க்கும் பயந்து பிள்ளை போகாமல் படுத்துவிடும். அங்கே ஒரு பல்பைப் போடுங்கள், இல்லையென்றால் உள்ளேயே ஒரு வாளி வையுங்கள்.

“ராத்திரி பன்னெண்டு மணிக்கு நாங்களே தூக்கிட்டுப் போயி போகவச்சுக் கொண்டாந்து படுக்கவைக்கிறோமே, அது போதாதா?” என்றார் தம்பி. பலரும் செய்கிறார்கள். அன்றைய பாய் காயும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டே தோளில் சாய்ந்து போய்விட்டு வருகிற பிள்ளை அதிலிருந்து எதையும் கற்பதில்லை. பை நிரம்பிய நேரமும் அவனை எழுப்பிய நேரமும் வேறு வேறு. அந்த இரண்டையும் ஒரே நொடியில் சேர்த்துவைப்பதுதான் அலாரத்தின் முழு வேலையும்.

அலாரம் பிறந்த கதையே இதைச் சொல்லிவிடும். ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் மைன்ஹார்ட் ஃபான் ஃபவுண்ட்லர் 1904இல் ஒரு மின்மணியை அமைத்தார். பிள்ளையைக் குணப்படுத்துவது அவர் நோக்கமே இல்லை. வார்டில் எந்தக் கட்டில் நனைந்திருக்கிறது என்று நர்ஸுக்குத் தெரிய வேண்டும், உடனே துணி மாற்ற வேண்டும், அதற்குத்தான் மணி. கொஞ்ச நாளில் பார்த்தால், மணி பொருத்திய கட்டில்களில் பிள்ளைகள் நனைப்பதே குறைந்திருந்தது. அதை அப்படியே சிகிச்சையாக எடுத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவில் ஹோபார்ட் மவ்ரர், வில்லி மே மவ்ரர் என்கிற உளவியலாளர் தம்பதி. இரண்டு உலோக வலைகள், நடுவில் பருத்தித் துணி, பேட்டரி, மணி, இதுதான் அவர்கள் செய்த விரிப்பு. 30 பிள்ளைகளுக்கு அதை வைத்துப் பார்த்து, 30 பேருக்கும் நின்றது என்று 1938இல் எழுதினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு இவ்வளவு நல்ல பலன் கிடைக்கவில்லை. ஆனால் வழி அதுதான் என்று நிலைத்துவிட்டது.

இப்போது கிடைப்பது இன்னும் சிறியது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியில் ஒரு துண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி, கம்பிகள் பேட்டரிக்குப் போகின்றன. துணி காய்ந்திருக்கும்வரை மின்சாரம் ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டாது. சிறுநீரில் உப்பு இருக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். நாலைந்து சொட்டு விழுந்து நூலிழைகளில் பரவியதும் பாதை திறந்துவிடும், உள்ளே இருக்கிற சின்னச் சுற்று அதைப் பிடித்து பஸரை அலறவிடும். பள்ளி அறிவியல் கண்காட்சியில் பிள்ளைகள் செய்துவைக்கிற மழை அலாரமும் இதே சுற்றுதான். பேட்டரி சின்னது, ஷாக் அடிக்காது. அதற்காக வீட்டிலேயே ஒன்றைச் செய்து பிள்ளை உடம்பில் மாட்டிவிடாதீர்கள். ஈரத்தில் கம்பி உறுத்தித் தோல் புண்ணாகும், பேட்டரி சூடாகவும் கூடும்.

கடையில் இரண்டு மாதிரி கிடைக்கும். ஒன்று ஜட்டியில் கிளிப் போட்டு, அலாரத்தைச் சட்டைத் தோளில் குத்திக்கொள்வது. இன்னொன்று விரிப்பாகக் கீழே போடுவது. தரையில் கோரைப்பாய் விரித்து வரிசையாகப் படுக்கிற வீட்டில் விரிப்பு வேலைக்காகாது. உருண்டு உருண்டு பிள்ளை அப்பத்தா பக்கம் போயிருப்பான், விரிப்பு காய்ந்து கிடக்கும். ஜட்டியில் மாட்டுகிறதே நல்லது. சத்தத்தோடு அதிர்வும் இருந்தால் இன்னும் நல்லது. விலை அதிகமானதால் சிறந்தது என்று இல்லை. சென்சாரைக் கழுவ முடிகிறதா, பேட்டரி உள்ளூரில் கிடைக்குமா, பிள்ளையே நிறுத்தத் தெரிகிற மாதிரி பொத்தான் இருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். ஒன்று வாங்கினால் இரண்டு மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்துப் பயன்படுத்தலாம். சென்சாரை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

எப்போது தொடங்குவது? ஆறு ஏழு வயதுக்கு முன்னால் அவசரம் வேண்டாம். பிள்ளைக்கே நிற்க வேண்டும் என்கிற ஆசை வந்திருக்க வேண்டும். அவனைக் கேட்காமல் மாட்டிவிட்டால் அதுவும் ஒரு தண்டனை ஆகிவிடும். என் யோசனை, முழுப் பரீட்சை முடிந்த ஏப்ரல் கடைசி. காலையில் கொஞ்சம் தூங்கினாலும் பரவாயில்லை, பள்ளி திறக்கிற ஜூனுக்குள் பாதி வழி வந்துவிடலாம். இங்கே ஒரு தொந்தரவு உண்டு. வியர்வையிலும் உப்பு இருக்கிறதே, மே மாத வெக்கையில் பிள்ளை வேர்த்தாலே சில கருவிகள் அலறும். இரண்டு ஜட்டி போட்டு நடுவில் சென்சாரை வைத்தால், ஃபேனுக்கு நேராகப் படுக்கவைத்தால், இது பெரும்பாலும் நின்றுவிடும்.

முதல் நாள் பகலிலேயே ஒத்திகை பாருங்கள். சென்சாரில் நாலு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு அலறவிடுங்கள். பிள்ளை பாயில் படுத்திருந்து எழுந்து, தானே பொத்தானை அழுத்தி, கழிப்பறைக்கு நடந்துபோய்த் திரும்பி வரட்டும். இரண்டு தரம் விளையாட்டாகச் செய்தால் சத்தத்தின் மேல் இருக்கிற பயம் போய்விடும். இரவில் மாற்று ஜட்டி, டவுசர், ஒரு துண்டு, கீழே போட ரப்பர் ஷீட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மணி அடித்ததும் பெரியவர் எழுந்து பிள்ளையை உட்காரவையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், முகத்தை ஈரத்துணியால் துடையுங்கள். நீங்கள் அலாரத்தை நிறுத்தக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் அவன் கைதான் நிறுத்த வேண்டும். அவனே நடந்துபோய் மிச்சத்தைப் போய்விட்டு வர வேண்டும். பிறகு துணி மாற்றி, சென்சாரைத் துடைத்து மறுபடி மாட்டிப் படுக்கவையுங்கள். முழுவதும் விழித்திருக்கிறானா என்பதற்கு ஒரு சோதனை: படுக்கும்போது அவனிடம் ஒரு ரகசியச் சொல் சொல்லிவையுங்கள், எழுப்பிய பின் அதைச் சொல்லச் சொல்லுங்கள். ‘தேர்’ என்றோ ‘பால்கோவா’ என்றோ எதுவானாலும் சரி. சொல்லிவிட்டால் மூளை விழித்துக்கொண்டது என்று பொருள்.

யார் எழுந்திருப்பது என்கிற கேள்வி இந்த இடத்தில் திரும்ப வந்து நிற்கிறது. அப்பாவுக்கு ராஜபாளையம் மில்லில் நைட் ஷிஃப்ட். அம்மா பகலெல்லாம் தறியில் உட்கார்ந்தவர். எல்லா இரவும் அவர் தலையிலேயே விழுந்தால் இரண்டாவது வாரத்தில் கோபம் வரும், அந்தக் கோபம் பிள்ளை மேல் பாயும். ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்து, எந்த வாரம் யார் பிள்ளை பக்கத்தில் படுப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவோ மாமாவோ உடன் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய வீட்டில் தனி அறையில் படுக்கிற பிள்ளையைவிட, ஒரே கூடத்தில் எல்லாருடனும் படுக்கிற பிள்ளைக்கு ஒரு வகையில் இது வசதிதான். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார்.

ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவாருங்கள்: மணி எத்தனை தரம் அடித்தது, எத்தனை மணிக்கு, நனைந்த திட்டு எவ்வளவு பெரியது. முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் நனையும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், நோட்டைப் பாருங்கள். முன்பு பாய் முழுவதும் நனைந்தது, இப்போது உள்ளங்கை அளவுதான். பன்னிரண்டு மணிக்கு அடித்தது நாலு மணிக்கு நகர்ந்திருக்கிறது. நீங்கள் உலுக்கி எழுப்பியவன் இன்று சத்தம் கேட்டுத் தானே கண் திறந்தான். இவையெல்லாம் முன்னேற்றம். பாராட்ட வேண்டியதும் இவற்றைத்தான்: எழுந்ததற்கு, பொத்தானை அழுத்தியதற்கு, துணி மாற்ற உதவியதற்கு. காய்ந்த இரவுக்கு மட்டும் பரிசு கொடுத்தால், நனைந்த இரவு அவன் தோற்ற இரவாகிவிடும்.

நாலு வாரத்தில் இந்த அடையாளங்களில் ஒன்றுகூடத் தெரியாவிட்டால் டாக்டரிடம் பேசுங்கள். தெரிந்தால் தொடருங்கள். தொடர்ந்து 14 இரவுகள் காய்ந்திருந்தால் முதல் கட்டம் முடிந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கடைசியில் பெரும்பாலான பிள்ளைகள் இரவில் எழுந்து போவதே இல்லை, விடியும்வரை தூங்குகிறார்கள். சிறுநீர்ப்பை அத்தனை நேரம் பிடித்துவைக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறது. எழுப்பிப் பழக்கினோம், அது எழாமல் இருக்கப் பழகிக்கொண்டது.

பலன் எவ்வளவு? உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்க்கிற காக்ரேன் அமைப்பின் கணக்குப்படி, அலாரம் வைத்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அது இருக்கும் காலத்தில் நிற்கிறது. கழற்றிய பின்னும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நின்றே இருக்கிறது. மாத்திரையிலும் நிற்கும். டெஸ்மோபிரெசின் என்பது நான் முன்னால் சொன்ன ஹார்மோனின் செயற்கை வடிவம், முதல் இரவே வேலை செய்யும், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். உறவினர் கல்யாணம், பள்ளிச் சுற்றுலா என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பார். அதைச் சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, சாப்பிட்ட பின் எட்டு மணி நேரம் ஆகும்வரை தண்ணீரை வெகுவாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்புகூட வரலாம். மெடிக்கலில் நாமாக வாங்கிக் கொடுக்கிற மருந்து இல்லை அது.

“நின்ன பிறகு திரும்ப வந்துட்டா?” என்று தம்பி கேட்டார். வரும், சிலருக்கு. அதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. 14 இரவு காய்ந்தபின் அலாரத்தைக் கழற்றாமல், படுக்கும் முன் வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். சிறிய அளவில் தொடங்கிச் சில நாளுக்கு ஒரு தரம் கூட்டுங்கள். நடுவில் ஒன்றிரண்டு இரவு நனையும், அதற்குத்தான் கொடுக்கிறோம். பிள்ளையிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பயந்துபோகாமல் இருப்பான். அந்தத் தண்ணீரோடும் மறுபடி 14 இரவு காய்ந்தால் கழற்றிவிடலாம். சில மாதம் கழித்துத் திரும்ப வந்தால், பெட்டியில் வைத்ததை எடுத்து, பேட்டரி மாற்றி, அன்று இரவே மாட்டுங்கள். இரண்டாவது தரம் பெரும்பாலும் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். மூன்று மாதம் முயன்றும் நிற்கவே இல்லையென்றால், ஆறு மாதமோ ஒரு வருடமோ விட்டுவிட்டு மறுபடி தொடங்கலாம், அல்லது டாக்டர் சொன்னால் மாத்திரையையும் சேர்த்துப் பார்க்கலாம். அதுவரை ரப்பர் ஷீட்டும் மாற்றுத் துணியும் பாய் பக்கத்திலேயே இருக்கட்டும்.